கண்ணில்லாக் குட்டிக்குக் கணக்குச் சொல்பவர் யார்?

மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையுள்ள நிலங்களில் வாழ்வது போவா என்னும் பெரும்பாம்பு. பழுப்பும் கருமையும் கலந்த அதன் தோல், சருகுகளினிடையே அது மறைந்து வாழ அல்லாஹ் அளித்த ஆடை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வளர்ப்பாளர்கள் அந்த ஆடையைக் களைந்து, கருநிறமி இல்லாத, செந்நிறக் கண்களையுடைய வெளிறிய போவாக்களைப் பெருக்கி விற்கிறார்கள். நிறத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை நமக்கு ஏற்பட்டிராது.

இவற்றில் காஹ்ல், ஷார்ப் என வளர்ப்பாளர்களின் பெயரால் வழங்கும் இரண்டு வம்சங்கள் உண்டு. காஹ்ல் வம்சத்தில் ஒரு கண் இல்லாமலும், கண் சிறுத்தும், சில வேளை இரு கண்களுமின்றியும் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பாளர்களே நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். வெளிறலுக்குரிய மரபணுவே காரணமா, நெருங்கிய உறவுக்குள் மீண்டும் மீண்டும் இணைத்ததா என்பதில் அவர்களுக்குள் வழக்கு நடக்கிறது. அவ்வழக்கு தீரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எது காரணமாயினும், இணையைத் தேர்ந்தெடுத்த கை ஒன்றுதான்.

"குறையோடு பிறப்பது இறைவனின் விதி, வளர்ப்பவர் என்ன செய்வார்?" என்று நம்மவர் சிலரே கேட்கின்றனர். கத்ரின் மீது நமக்கும் ஈமான் உண்டு. காட்டில் ஒரு குட்டி குருடாகப் பிறந்தால் அதற்காக எவரும் விசாரிக்கப்படமாட்டார். ஆனால் இங்கே ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் விட்டவர் மனிதர். அவற்றின் முந்தைய ஈற்றில் ஒற்றைக்கண் குட்டிகள் பிறந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவரும் அவரே. வெளிறல் மறைந்து கடத்தப்படும் பண்பு. அதைச் சுமக்கும் இயல்பு நிறப் பெற்றோர் இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி வெளிறிப் பிறக்கும். எஞ்சியவற்றுள் மூன்றில் இரண்டு அப்பண்பை மறைவாகச் சுமக்கும். கண் நன்றாயிருக்கும் அந்த உடன்பிறப்புகள் "சுமப்பவை" என்ற பெயரிலேயே கூடுதல் விலைக்குப் போகின்றன. அறிந்தே செய்துவிட்டு விதியின் மேல் பழியைப் போடுவது தவக்குல் ஆகாது.

இன்னொரு வாதமும் உண்டு: பாம்பு நாக்கால் மணத்தை அறிகிறது, இரையின் வெப்பத்தை உணர்கிறது, கண் எதற்கு? பார்வையற்ற பாம்பு கூண்டில் உண்டு வாழ்கிறது என்பது உண்மையே. உயிரோடிருக்கிறது என்பதனால் அதற்குத் தீங்கு நேரவில்லை என்றாகிவிடுமா? பாம்புக்கு இமைகள் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். கண்ணில் நிறமி இல்லாத உயிருக்குக் கூசும் ஒளி கடினமானது. மூடிக்கொள்ள இமையில்லாத உயிருக்கோ ஒளிந்துகொள்ள இருள் மட்டுமே உண்டு. அதைத்தான் விளக்கடியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். போவா 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

"கொல்ல அனுமதியுள்ள பிராணிக்கு இத்தனை பரிவா?" என்பது மூன்றாவது கேள்வி. தீங்கு செய்யும் பாம்பைக் கொல்ல ஹதீஸில் அனுமதி உண்டு. அதே நபி (ஸல்) அவர்கள் அறுக்கும் பிராணிக்குக் கூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கழுதையின் முகத்தில் சூடு போட்டவரைச் சபித்தார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் முடிவை எடுத்துரைத்தார்கள். தீங்கைத் தடுக்கக் கொல்வது வேறு, விற்பனைக்காக ஊனத்தைப் பிறப்பிப்பது வேறு. முன்னதற்குரிய அனுமதியைப் பின்னதற்கு நீட்டுபவர், எந்த ஃபகீஹின் சொல்லைக் கொண்டு நீட்டுகிறார் என்பதையும் சொல்லட்டும். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களோ, பயனற்றவையெனப் பாம்பு, தேள் போன்றவற்றின் விற்பனையையே செல்லாது என்கின்றன. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், மனிதர்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தொகுக்கையில், முதுமையாலோ நோயாலோ பயன்படாமற்போன பிராணிக்கும் செலவு செய்யவேண்டும் என்று எழுதினார்.

இனப்பெருக்கத்தையே நாம் மறுக்கவில்லை. குதிரையையும் ஒட்டகத்தையும் ஆட்டையும் முன்னோர் தேர்ந்தெடுத்தே வளர்த்தனர். உழைப்புக்கும் பாலுக்கும் உணவுக்கும் அது தேவையாயிருந்தது. இங்கோ கண்காட்சி மேசையில் ஒரு நிறம், அவ்வளவே.

இது கடல் கடந்த செய்தி என்று நம் வீட்டார் எண்ணவேண்டாம். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் நிறம் மாற்றி வளர்க்கப்பட்ட மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பாம்பு வேண்டாமென்பவர் வீட்டிலும் மடிந்த காதுள்ள ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனைக்கு ஆசை எழுகிறது. காதை மடிக்கும் அதே மரபணு அதன் மூட்டுகளின் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. நெதர்லாந்து 2014-இலேயே அவ்வகைப் பூனையைப் பெருக்குவதைத் தடைசெய்துவிட்டது.

பிள்ளை பிராணி கேட்டால், தெருவில் பசித்துத் திரியும் நாட்டுப்பூனை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஏற்கெனவே ஒற்றைக்கண் பாம்போ மூட்டுவலிப் பூனையோ உங்களிடம் இருந்தால் அதைக் கைவிட வேண்டாம். இறுதிவரை பராமரியுங்கள், இணை மட்டும் சேர்க்காதீர்கள். போவா போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.