கணக்குத் தெரியும், வினா புரியவில்லை!



எஸ்.பி.எம். கணிதத்திற்குக் கட்டுக்கட்டாகப் பழைய வினாத்தாள்களை வாங்கிக் கொடுக்கிறோம். லூபோக் சீனா போன்ற சிற்றூர்ப் பெற்றோரும் இதில் குறைவைப்பதில்லை. பயிற்சி எங்கே தடைபடுகிறது என்று பார்ப்பவர்தாம் சிலர்.

ஆறாண்டுகள் தமிழில் கணிதம் பயின்ற பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியில் பின்னம் ‘பெச்சாஹான்’ ஆகிறது. விழுக்காடு ‘பெராத்துஸ்’ ஆகிறது. (‘பாக்கி’ மட்டும் இரு மொழியிலும் பாக்கிதான்!) கணக்குத் தெரிந்த பிள்ளையும் வினாவைப் படித்துவிட்டுத் திகைப்பது இதனால்தான். பத்துத் தாள்களை அவசரமாக முடிப்பதைவிட, ஒரே வினாவைப் படித்து, அது கேட்பதைத் தமிழில் சொல்லச் செய்து, பின்னர் செய்வழியை மலாய்மொழியில் முழுமையாக எழுத வைப்பதே மேல் என்பேன்.

செய்வழிக்கு ஏன் இத்துணை அழுத்தம்? முதல் தாளின் 40 புறவய வினாக்களுக்கு 40 புள்ளிகள். இரண்டாம் தாளுக்கோ 100 புள்ளிகள். அங்கே இறுதி விடை பிழையானாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. விடைப்பட்டியலைப் பார்த்துச் சரி அடையாளமிடும் பழக்கம் இதனைக் கற்றுத் தராது.

பெற்றோர்களே, எத்தனை புள்ளி என்று கேட்குமுன் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வினாவுக்கும் விடைக்கும் இடையே வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும்.