தாயகம் திரும்பியோர் வீட்டுக் கணக்கு

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் டெல்லியில் இரண்டு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒருவர் இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா. மற்றவர் நம்முடைய லால் பகதூர் சாஸ்திரி. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்துவந்த நம் மக்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த எச்சத்தையும் 1974-இல் திருமதி இந்திரா காந்தியும் திருமதி பண்டாரநாயக்காவும் உனக்கு 75,000, எனக்கு 75,000 என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். சொந்தக்காரனைக் கேட்காமல் சொத்தைப் பங்கு போடக் கூடாது என்பார்கள். இங்கே சொத்தே மனிதர்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

இந்த அநீதியைப் பற்றி நாடு நிறையப் பேசியிருக்கிறது. நாம் இன்று பேச வந்தது வேறொன்று. தலைகளை அவ்வளவு கவனமாக எண்ணியவர்கள் அடுப்புகளை எண்ணவில்லை. கடல் தாண்டி வருகிற குடும்பம் என்ன சமைக்கும், எதைக் கொண்டு சமைக்கும், எந்தக் கூரையின்கீழ் சமைக்கும், அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்ற கணக்கு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அந்தக் கணக்கு இன்றைக்கும் தீரவில்லை என்பதைக் காண விரும்பும் தோழர்கள் கட்டபெட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

கட்டபெட்டு நீலகிரி மலையில் மூன்று சாலைகள் கூடுகிற சிற்றூர். ஒரு சாலை உதகைக்கு, ஒன்று கோத்தகிரிக்கு, இன்னொன்று குன்னூருக்கு. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அங்கே இருக்கிறது. வனச்சரகம் இருக்கிறது. பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டத்தில் சற்றுக் காது கொடுத்தால் படகர் பேசும் படுகு கேட்கும். சமவெளித் தமிழ் கேட்கும். ரயிலைக் கோச்சி என்றும் குடியிருப்பை லயம் என்றும் சொல்கிற இன்னொரு தமிழும் கேட்கும். பதுளையிலும் அட்டனிலும் கண்டியிலும் பிறந்த தமிழ் அது. இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளின் வாயிலும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்பி வருவதற்கு முதலில் அங்கிருந்து போயிருக்க வேண்டுமே! போனவர்கள் இவர்களுடைய பாட்டன், பூட்டன். இவர்களுக்குத் தெரிந்த ஊர் தோட்டம். தெரிந்த உறவு லயத்துக்காரர்கள். சர்க்கார் இதைத் திரும்புதல் என்று எழுதியது. குடும்பத் தலைவியின் முடிச்சுக் காசோ இது வெளிநாட்டுக்குக் குடிபோவது என்று சொல்லிற்று. வெளிநாடு போகிறவர்கள் இன்று ஆயிரம் விசாரிக்கிறார்கள். அங்கே வாடகை என்ன, அரிசி என்ன விலை, பிள்ளைகள் படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுத் தெளிந்த பிறகே பயணச்சீட்டு வாங்குகிறார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு விசாரிக்க ஆள் இல்லை. கையிலே ஒரு குடும்ப அட்டை. அதுதான் அவர்களுடைய உலகம்.

கொண்டுவந்த பணம் எவ்வளவு? சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் உள்பட ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை சர்க்கார் ஒப்பந்தத்திலே ஒப்புக்கொண்டது. ஆகா, பெருந்தன்மை! அந்தத் தொகையாவது எல்லோர் கையிலும் இருந்ததா? கூலியில் பாதி அரிசிக்கும் மாவுக்கும் பிடித்துக்கொள்ளப்பட்ட வீட்டில் மிச்சம் எங்கே சேரும்? இன்னொரு கூத்தையும் சொல்லவேண்டும். ஒப்பந்தம் எழுதிய நாளில் இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் உத்தியோகபூர்வ மதிப்பில் சமம். 1966 ஜூனில் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஓர் இலங்கை ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் என்றாயிற்று. 1967 நவம்பரில் இலங்கை தன் ரூபாயைக் குறைத்தது. ஒன்றரை ஒன்றேகாலாகச் சுருங்கிற்று. கொழுந்துக் கூடை சுமந்து சேர்த்த பணம், பெட்டியில் பூட்டிக் கிடக்கும்போதே தேய்ந்தது. தேய்ந்தது என்பதுகூட உரியவளுக்குத் தெரியாது.

கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தோம். எழுபதுகளில் இளம் மனைவியாகக் கப்பலேறியவர். "பாட்டி, அங்கே நல்ல வாழ்வா, இங்கே நல்ல வாழ்வா?" என்று கேட்டோம். சிரித்தார். "அங்கனயும் கூலிதான், இங்கனயும் கூலிதான் ஐயா. ஆனா அங்க வெறகுக்குக் காசு கிடையாது, வீட்டுக்குக் காசு கிடையாது. வெறகுக்கும் வெல உண்டுன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது. வந்த முதல் மழைக்கே என் தோடு போயிருச்சு" என்றார்.

பொருளாதாரப் பேராசிரியர்கள் எழுத வேண்டியதை அந்த அம்மையார் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தோட்டத்து லயத்தை நாம் புகழ வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதிலே அடுப்பு, அதிலே படுக்கை, அதிலே பிரசவம். மனிதரை மந்தையாக அடைத்த கொட்டடி அது. ஆனால் அந்தக் கொட்டடிக்கு வாடகை இல்லை. விறகு தோட்டத்திலே கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் போகலாம். காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தறை. லயத்தின் பின்னால் நாலு பாத்திக் கீரை, ஒரு மாடு. துரைமார் தருமவான்கள் என்பதால் இவற்றைத் தரவில்லை. ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட வேண்டுமே என்பதற்காகத் தந்தார்கள். எதற்காகத் தந்தாலும் அவை கூலியின் ஒரு பகுதி. காசாகக் கண்ணில் படாத கூலி. கப்பல் ஏறிய அன்று அந்தக் கூலி தலைமன்னார்க் கரையிலேயே நின்றுவிட்டது. காசுக் கூலியைப் பற்றி மட்டுமே கேட்டவர்களுக்கு இந்த நட்டம் எப்படிப் புரியும்?

அரிசி விஷயத்தைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். 1953-இல் இலங்கை சர்க்கார் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12-ஆம் நாள் தீவே ஹர்த்தாலில் எழுந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். இங்கே சென்னை ராஜ்யத்தில் 1967-ஆம் ஆண்டுத் தேர்தலை அரிசிப் பஞ்சம் எப்படி ஆட்டிவைத்தது என்பதை மூத்த தோழர்கள் மறக்கமாட்டார்கள். இரு கரையிலும் அரிசியின் விலை அரசுகளை மாற்றும் வல்லமை பெற்றிருந்தது. வாக்குச் சீட்டு உள்ளவனுக்கு அந்த வல்லமை. மலைநாட்டுத் தமிழனின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. வாக்கும் அதோடு போயிற்று. அவன் உலையில் வேகும் அரிசிக்கு மற்றவர்கள் விலை வைத்தார்கள். 1973, 74-இல் உணவு நெருக்கடி வந்தபோது பட்டினி முதலில் நுழைந்த இடங்களில் தோட்டத்து லயங்களும் இருந்தன. மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்து ஓய்ந்த பிறகே பல குடும்பங்கள் மூட்டை கட்டின. இந்தியா மேல் ஆசைப்பட்டுப் புறப்பட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வந்து சேர்ந்த மலை எப்படிப்பட்டது? நெல் விளையாத மலை. மேட்டுப்பாளையத்திலிருந்து மூட்டை மூட்டையாக லாரி ஏறி வரவேண்டும். அந்த ஏற்றத்தின் கூலியும் சோற்றில் சேர்ந்து வேகும். பங்கீட்டுக் கடைக்குப் போனால் அட்டை எங்கே என்பார்கள். அட்டைக்குப் போனால் விலாசம் எங்கே என்பார்கள். விலாசத்துக்கு வீடு வேண்டுமே! 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அதற்கு முந்திய முப்பது, நாற்பது ஆண்டு உலைகளுக்கு யார் பதில் சொல்வது?

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நீலகிரிக் குளிர் பழக்கமானது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வெதுவெதுப்பில் வளர்ந்தவர்களுக்குக் கம்பளியே ஒரு புதுச் செலவு. ஆளுக்கொரு கம்பளி, குழந்தைக்குக் குல்லாய், அணையாத அடுப்பு. அடுப்புக்கு விறகு வேண்டும். விறகோ வனத்துறைக் காட்டில். தலைச்சுமை விறகோடு பிடிபட்டால் அபராதம். வனச்சரகம் இருக்கிற ஊரிலே இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தது. மறைப்பது நம் வழக்கமல்ல. 1968-இல் வனத்துறையின்கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நாம் டேன்டீ என்று அழைக்கும் நிறுவனம் அதுதான். நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் தேயிலை நட்டவர்கள் இந்தக் கடல் கடந்த கைகளே. 1969-இல் தாயகம் திரும்பியோர்க்கென்று கூட்டுறவு வங்கி, ரெப்கோ, தோன்றியது. கன்னியாகுமரியில் ரப்பர்த் தோட்டம் வந்தது. ஆனால் பிள்ளை குட்டியோடு வந்தவர்கள் நான்கு இலட்சத்துக்கும் மேல். தோட்ட வேலை கிடைத்தவர் சிலர். பெரும்பாலோர் கையில் வைக்கப்பட்டது வியாபாரக் கடன், ஐயாயிரம் ரூபாய் அளவில். கொழுந்து கிள்ளத் தெரிந்தவரைத் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் கொண்டுபோய்க் கடை வை என்றார்கள்! தராசு பிடித்தறியாதவர் தராசைப் பிடித்தார். தரகர் தம் பங்கை முதலில் எடுத்துக்கொண்டார். மீதியை அரிசிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கடை மூடிற்று, கடன் மட்டும் திறந்தபடி இருந்தது. பிறகுதான் அந்தக் குடும்பங்கள் தாங்களாகவே மலையேறின. கொடைக்கானல் மலையில் பட்டை உரிக்கும் வேலையில் சிக்கிக் கொத்தடிமையானவர்களும் உண்டு. நீலகிரிக்கு வந்தவர்களுக்குத் தெரிந்த தொழிலாவது கிடைத்தது.

எந்த விதத்தில் கிடைத்தது? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய தோட்ட முதலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் கடமை என்றது. கட்டபெட்டைச் சுற்றியிருப்பவை பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்ச் சிறு தோட்டங்கள். அந்தச் சட்டம் அங்கே எட்டவில்லை. தினக்கூலி, மழை பெய்தால் கூலி இல்லை, பசுந்தேயிலை விலை விழுந்தால் வேலையே இல்லை. 1990-களின் கடைசியில் அந்த விலை விழுந்தபோது படகச் சிறு விவசாயியும் அழுதார், அவரிடம் கொழுந்து பறித்த அம்மாவும் அழுதார். இவ்விருவரையும் எதிர் எதிராக நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மலையில் சிலர் உண்டு. தோழர்கள் அந்தப் பொறியில் விழக்கூடாது. விலையை நிர்ணயிப்பவர் இருவரில் ஒருவருமல்லர். அந்த விலைச் சரிவுக்குப் பின் பல வீட்டு வாலிபர்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். பாட்டன் கடல் தாண்டினான், தகப்பன் கடல் தாண்டினான், மகன் மலை இறங்கினான். ஒவ்வொரு முறையும் குடும்பம் புதிதாகப் பானை வாங்குகிறது.

இனி இன்றைய நிலை. டேன்டீயில் ஓய்வு பெறும் தொழிலாளி குடியிருப்பைக் காலி செய்யவேண்டும். வாழ்நாள் முழுதும் அரசுத் தோட்டத்தில் உழைத்து, அறுபது வயதில் வாடகை வீடு தேடுகிறவருக்கு அந்த வாடகை எத்தனையாவது புதுச் செலவு? தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதென்று 2022-இல் முடிவெடுத்தபோது நீலகிரித் தொழிலாளர் துடித்தது இதனாலேதான். காட்டை நாம் வெறுக்கவில்லை. காட்டுக்கு நிலம் கொடுக்கும் கோப்பில், அந்த நிலத்தை நட்டவருக்கு மூன்று சென்ட் எங்கே என்று எழுத ஒரு வரி இடமில்லையா?

தோட்டத்துக்கு வெளியே குடிசை போட்டவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வீட்டுக் கடன் இல்லை. பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டால், பாட்டன் எந்த ஜில்லா, எந்தக் கிராமம், ஆவணம் எங்கே என்று கேட்கிறார்கள். பாட்டனுடைய ஆவணம் இலங்கைத் தோட்டத்துச் செக்ரோலில் கிடக்கிறது! சான்று கிடைக்காத பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை; கல்லூரிச் சம்பளம் முழுதும் கைக்காசு. கட்டபெட்டிலிருந்து மூன்று சாலை பிரிகிறது என்றோமே, மூன்றின் முடிவிலும் ஓர் அலுவலகம் இருக்கிறது: கோத்தகிரியில் தாசில்தார், குன்னூரில் கோட்டாட்சியர், உதகையில் கலெக்டர். ஒரு காகிதத்துக்காக மூன்று சாலையிலும் நடந்தவர்கள் இழந்த நாட்கூலியை யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா?

கடலின் அக்கரையில் தங்கிவிட்டவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. 1984-இல் கப்பல் நின்றுபோனதால் சிக்கிக்கொண்டு, பின்னர் கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சிப் படகேறி வந்த மலைநாட்டுத் தமிழர் சிலர் இன்னும் மறுவாழ்வு முகாம்களில் எந்த நாட்டுக் குடிகளும் ஆகாமல் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுதுவோம்.

கட்டபெட்டு, கோத்தகிரி வட்டாரத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. வருகிற மாதம் வீடு வீடாகப் போங்கள். கோஷத்தோடு போகவேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். எந்த ஆண்டு கப்பலேறினார்கள், குடும்ப அட்டை இருக்கிறதா, குடியிருப்பது யார் நிலம், எத்தனை ஆண்டாக, வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தப் பிள்ளைக்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். எழுதும்போது வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஆண்களுக்கு விறகு விலை தெரியாது. படகச் சிறு விவசாயிகளிடமும் போய், அவர்கள் தோட்டத்தில் பறிக்கிறவர்களின் பெயரை வாங்குங்கள். நோட்டு நிறைந்ததும் அதை ஏந்திக்கொண்டு கோத்தகிரித் தாசில்தார் அலுவலகத்துக்குப் போவோம். அங்கே பதில் இல்லையென்றால் மற்ற இரண்டு சாலைகளும் இருக்கவே இருக்கின்றன.