தூங்கும் புல்லட்டை எழுப்புவது எப்படி?

ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துப் பழைய வீடுகளில், மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திய புல்லட் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் மண்டிக்கும் தொழிற்சாலைக்கும் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிப்போன வண்டி. விற்க மனசு வராது, ஓட்டவும் ஆள் இல்லை. பழைய இரும்புக்காரர் மட்டும் அவ்வப்போது வந்து விலை கேட்டுவிட்டுப் போவார்.

கொடுத்துவிடாதீர்கள். பல வண்டிகளில் இன்ஜின் நன்றாகவே இருக்கும். அடைத்துக்கொண்டிருப்பது அதன் மூக்கு, அதாவது கார்புரேட்டர்.

இந்த புல்லட் நமக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, பிறகு திருவொற்றியூரில் வண்டி உருவானது. இங்கிலாந்தில் தொழிற்சாலை மூடியபிறகும் இங்கே நிற்கவில்லை. பழைய வண்டிகளில் அமால் கார்புரேட்டர் இருக்கும். பின்னால் வந்த 350களில் 24 மில்லிமீட்டர் வாய் கொண்ட மிக்கார்ப். வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். இன்ஜின் மூச்சு இழுக்கும்போது காற்று ஒரு குறுகலான வழியில் வேகமாய்ப் பாய்கிறது. அந்த வேகத்தில் அங்கே அழுத்தம் குறைய, கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஊசிமுனைத் துளை வழியாக மேலே ஏறித் தூறலாகக் கலக்கிறது. மின்சாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

போன மாதம் ஆற்காட்டில் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன், தாத்தாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “பாய், இந்த கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு ஆன்லைன்ல புதுசு வாங்கிடலாமா?” என்றான். அவர் கழற்றிய ஸ்க்ரூக்களை வரிசையாகத் துணியில் வைத்துக்கொண்டே, “இது உங்க தாத்தா காதுக்கு டியூன் பண்ணினது தம்பி. முதல்ல கழுவிப் பார்ப்போம்” என்றார்.

பாய் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. மலிவு விலைப் போலிகளில் துளைகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெளியே பளபளவென்று இருக்கும், வண்டி மட்டும் ஒழுங்காக ஓடாது. பழையதில் தேய்வது சில பாகங்கள்தான். அவற்றுக்கு ரிப்பேர் கிட் கிடைக்கிறது.

பிரிக்கும் முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இருக்கும் காற்று ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வையுங்கள். ஒன்றரைச் சுற்று என்பது பொதுவான ஆரம்பக் கணக்கு. அழுத்தித் திருகினால் அதன் முனை அமரும் இடமே கெட்டுவிடும்.

கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் கோந்து மாதிரி காய்ந்திருக்கும். பித்தளை ஜெட்டுகளைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊற வையுங்கள். குத்துவிளக்கு துலக்குகிற நினைப்பில் புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். கார்புரேட்டரின் உடம்பு வேறு உலோகம், அமிலம் அதை அரிக்கும். துளைக்குள் இரும்புக் கம்பி விடுவது அதைவிட மோசம். ஒரு கோடு விழுந்தாலே துளை பெரிதாகி, பெட்ரோல் கணக்கு மாறிவிடும். டூத் பிரஷ்ஷின் ஒற்றை நார் போதும், பிறகு கம்ப்ரஸர் காற்று. இதையெல்லாம் அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாமல் வாசலில் செய்யுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை என்று அர்த்தம். ஃப்ளோட் ஊசியின் கூம்பில் வளையம் மாதிரி தடம் விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ ஆகி, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

பழைய வண்டிக்காரர்களை இப்போது அதிகம் படுத்துவது பெட்ரோல்தான். 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டிய எத்தனால் கலப்பு, 2025ல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கி, வெள்ளைப் பொடி பூக்கும். பழைய காலத்து ரப்பர் வளையங்கள் ஊதி நசநசத்துவிடும். கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சங்கதி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். புது வண்டியில் சென்ஸார் இருக்கிறது, பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளும். தாத்தா வண்டியின் ஜெட்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் பழைய அளவிலேயே ஊற்ற, காற்று மிஞ்சிப்போய் இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். காப்பிப் பொடி நிறம் நல்லது. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் ஸ்லைடு ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். ஊசி மேலே ஏறி, நடு வேகத்தில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வரும். முழு வேகத்திலும் தவித்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பாய்க்கும் தெரியாது.

காப்பாற்ற முடியாத நிலையும் உண்டு. ஸ்லைடு தன் குழிக்குள் லொடலொடவென்று ஆடினால் ஓரமாகக் காற்று புகும், ஐட்லிங் நிலைக்காது. புது ஸ்லைடு போட்டுப் பாருங்கள். குழியும் தேய்ந்திருந்தால் தயங்காமல் அசல் கம்பெனியின் கார்புரேட்டரே வாங்கிவிடுங்கள். பழையதைத் துடைத்து டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஏன் என்றால், 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமில்லாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி மாதிரியான காரியங்களுக்குத்தான். 1975ல் வாங்கிய வண்டிக்கு 2025லேயே 50 வயது. கார்புரேட்டர் மாற்றியதால் மட்டும் தகுதி போய்விடாது. ஆனாலும் வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் புது பைக்குகளில் கார்புரேட்டர் இடத்தை இன்ஜெக்‌ஷன் பிடித்துவிட்டது. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் ஸ்கேனர் பிடித்துக் கற்கிறார்கள். சத்தம் கேட்டு ஸ்க்ரூ திருப்புகிற கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கும்போதே உங்கள் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூடவே நின்று கவனியுங்கள்.

ஆம்பூர் தம்பியின் வண்டி அன்று சாயங்காலம் ஏழாவது உதையில் பிடித்தது. பாய் காற்று ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, அந்தக் கனத்த ‘டப்... டப்...’ சீரானதும் கையை எடுத்தார். “நாலு நாள் எடுக்கமாட்டேன்னா பெட்ரோல் காக்கை மூடிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓடவிடு தம்பி. கிண்ணம் காலியா இருந்தா என்கிட்ட வரவேண்டிய வேலையே இருக்காது” என்றார். கூலி வாங்கும்போதே இப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்!

கார்புரேட்டர் சுத்தமாகியும் வண்டி முரண்டு பிடித்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பாயிண்ட் செட்டிங். அதை அடுத்த வாரம் பிரிப்போம். பிளக்கைக் கழற்றித் துடைத்துத் தயாராக இருங்கள்.