குலை நோயும் ஒரே பாஸ்வேர்டும்

முதல்லயே சொல்லிடறேன். நான் வேளாண்மை படிச்சவன் இல்லை. நாலு வருஷம் இன்ஜினியரிங், அப்புறம் ஆறு வருஷமா பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். விஷயம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, வாங்கிக்கிறேன் :)

மேட்டர் இதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சித்தப்பாவோட வயலைப் பார்க்கப் போனேன். மொத்தம் ஒன்பது மா (எங்க தஞ்சாவூர்ப் பக்கம் மூணு மா ஒரு ஏக்கர்). எல்லாமே பிபிடி 5204, அதாவது ஆந்திரா பொன்னி. தூரத்துல இருந்து பார்த்தா கதிரெல்லாம் வெள்ளை வெளேர்னு நின்னுச்சு. அழகா இருக்கேன்னு போன்ல போட்டோ வேற எடுத்தேன். சித்தப்பா ஒண்ணும் பேசலை. ஒரு கதிரை ஒடிச்சு என் கையில குடுத்தார். அத்தனையும் பதர். போட்டோவை அப்பவே அழிச்சுட்டேன்.

பத்து நாளைக்கு முன்னாடியே மருந்துக் கடையில போய்க் கேட்டிருக்கார். வெள்ளைக் கதிர்னு சொன்னதும் குருத்துப்பூச்சின்னு பூச்சி மருந்தைத் தூக்கிக் குடுத்திருக்காங்க. அடிச்சார். குருத்துப்பூச்சியா இருந்தா கதிரைப் பிடிச்சு இழுத்ததும் உருவிக்கிட்டு கையோட வந்துடும். இங்க அப்படி வரலை. கதிருக்குக் கீழே கழுத்து கறுத்துப் போய், அந்த இடத்துலயே ஒடியுது. கழுத்துக் குலை நோய். அதுக்குக் காரணம் பூஞ்சை. பூச்சி மருந்து அதை என்ன செய்யும்?

கடைக்காரரை நாலு வார்த்தை திட்டிட்டு இந்தப் பதிவை முடிச்சிருக்கலாம். ஆனா ஊர்ல இருந்து திரும்பி வந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படிச்சதுல எனக்குப் புரிஞ்சது வேற. அன்னிக்கு அவர் சரியான மருந்தையே குடுத்திருந்தாலும் அந்தக் கதிர் தேறியிருக்காது.

இந்தப் பூஞ்சையோட பேரு மேக்னபோர்தே ஒரைசே. நமக்குப் புது விருந்தாளி இல்லை. இந்தியாவுல இது ஆரம்ப காலத்துல பதிவான இடங்கள்ல எங்க தஞ்சாவூர் டெல்டாவும் ஒண்ணு. இதோட வித்து காத்துல வந்து, பனி ஈரம் இருக்கிற இலையில பசை போட்டு ஒட்டிக்குது. அதுல இருந்து ஒரு சின்னக் குழாய் முளைக்கும். குழாயோட நுனி வீங்கி ஒரு குமிழ் ஆகும். குமிழோட சுவருக்கு உள்பக்கம் மெலனின் பூச்சு (நம்ம தோல் கறுப்புக்குக் காரணமான அதே வகைப் பொருள்தான்). உள்ளே கிளிசரால் சேரச் சேர தண்ணி இழுத்துக்கிட்டே போகுது, பூச்சு இருக்கிறதால கிளிசரால் வெளியே கசியறதில்லை. அழுத்தம் ஏறி ஏறி 80 அட்மாஸ்பியர் வரைக்கும் போகுமாம். கார் டயர்ல இருக்கிறதைப் போல கிட்டத்தட்ட நாற்பது மடங்கு! கண்ணுக்கே தெரியாத ஒரு குமிழ்ல. அந்த வேகத்துல ஒரு ஊசி கீழே இறங்கி இலையைத் துளைச்சுடுது.

சரி, பூட்டை உடைச்சாச்சு. நான் என்ன நினைச்சேன்னா, உள்ளே போனதும் செல்லைக் கொன்னு தின்னும்னு. அதான் இல்லை. பூஞ்சை உள்ளே வரும்போது செல்லோட சவ்வு கிழியறதில்லை. உள்பக்கமா மடிஞ்சு, பூஞ்சையோட இழையைச் சுத்திப் போர்வை மாதிரி போர்த்திக்குது. செல் உயிரோடதான் இருக்கு. தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. வீட்டுக்காரன் சமைச்சுக்கிட்டு இருக்க, திருடன் உள் அறையில உட்கார்ந்து சாப்பிடற மாதிரி. பூஞ்சை சில புரதங்களைச் சுரந்து செல்லுக்குள்ள அனுப்பி அலாரத்தை அமுக்கி வைக்குது. அப்புறம், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல செடியே வச்சிருக்கிற நுண்துளை வழியா அடுத்த வீட்டுக்குப் போகுது. இலையில கண் வடிவத்துல, ஓரம் பழுப்பு நடுவுல சாம்பலா புள்ளி தெரிய நாலஞ்சு நாள் ஆகும். கழுத்துல இன்னும் கூட நாள் எடுக்கும். புள்ளி தெரியும்போது அதுல இருந்து ஆயிரக்கணக்குல புது வித்து காத்துல கிளம்பியாச்சு.

குலை நோய்க்கு அதிகமா அடிக்கிற ட்ரைசைக்ளசோல் என்ன பண்ணுதுன்னா, அந்த மெலனின் பூச்சைப் போட விடாது. பூச்சு இல்லைன்னா அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. அருமையான யோசனைதான். ஆனா பாருங்க, அது வாசல் காவல். உள்ளே போனவனை வெளியே இழுத்துட்டு வராது. கண்ணுக்குத் தெரிஞ்ச அப்புறம் ஓடிப் போய் அடிக்கிற நம்ம பழக்கத்துக்கும் இந்த மருந்துக்கும் ஒத்தே வராது.

உள்ளே நடக்கிற சண்டை வேற மாதிரி. அங்க செடிதான் சண்டை போடணும். நெல்லோட எதிர்ப்பு மரபணுக்கள் பூஞ்சையோட புரதத்துல ஒண்ணை அடையாளம் கண்டுட்டா, அந்த செல் தற்கொலை பண்ணிக்கும். உயிருள்ள செல்லை நம்பி வந்தவனுக்குச் சோறு கிடையாது. பிக்-னு ஒரு மரபணு இருக்கு. பூஞ்சையோட புரதம் செடிக்குள்ள எந்த மாதிரிப் பொருளைத் தேடிப் போய் ஒட்டிக்குமோ, அதோட நகலைக் காவல்காரன் தன் உடம்புலயே தூண்டிலாக் கட்டி வச்சிருக்கான். நாங்க சர்வர்ல ஹனிபாட் வச்சுட்டு பெருமை அடிச்சுக்கிறோம், நெல்லு என்னிக்கோ பண்ணிடுச்சு.

சிக்கல் எங்கன்னா, பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாத்திக்கிட்டாலோ விட்டுட்டாலோ காவல்காரனுக்கு ஆள் தெரியாது. ஊர் முழுக்க ஒரே ரகம்னா, ஆயிரம் சர்வருக்கு ஒரே பாஸ்வேர்டு. ஒரு இடத்துல உடைஞ்சா எல்லா இடத்துலயும் உடைஞ்ச மாதிரி. ஆபீஸ்ல அப்படி வச்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. பிபிடிக்குக் குலை நோய் சட்டுனு வரும்ங்கிறது ஊரறிஞ்ச விஷயம். அதைத்தான் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் போடறோம். போதாக்குறைக்குப் பச்சையா இருக்கணும்னு யூரியாவை அள்ளி வீசறோம். தழைச்சத்து கூடினா இந்த நோயும் கூடும். (இதைச் சொன்னதுக்கு சித்தப்பா என்னை முறைச்சார். அது தனிக் கதை.)

சும்மா தியரி பேசறேன்னு நினைக்காதீங்க. சீனாவுல யுன்னான் மாகாணத்துல 1998, 1999-இல் ஆயிரக்கணக்கான ஏக்கர்ல செஞ்சு பார்த்திருக்காங்க. சுலபமா நோய் வர்ற ஒட்டரிசி ரகத்தை, நோய் தாங்கற கலப்பின நெல்லுக்கு நடுவுல வரிசை வரிசையா நட்டாங்க. தனியா நட்ட ஒட்டரிசியோட ஒப்பிட்டா குலை நோய் 94 சதவீதம் கம்மி, மகசூல் 89 சதவீதம் கூட. ரெண்டாவது வருஷ முடிவுல பூஞ்சைக்கொல்லி அடிக்கிறதையே விட்டுட்டாங்க. 2000-இல் நேச்சர் இதழ்ல வந்துச்சு.

தலைகீழா நடந்த கதையும் இருக்கு. 1985-இல் பிரேசில்ல இதே பூஞ்சை கோதுமைக்குத் தாவிடுச்சு. ஆர்டபிள்யூடி3-ங்கிற எதிர்ப்பு மரபணு இல்லாத கோதுமை ரகத்தை அங்க பரவலாப் போட்டதுதான் அதுக்கு வாசல் திறந்து விட்டுச்சுன்னு 2017-இல் ஒரு ஆய்வு சொல்லுது. 2016-இல் அது வங்கதேசத்துக்கு வந்து, சுமார் 15,000 ஹெக்டேர்ல கோதுமையைத் தாக்குச்சு. வயலையே கொளுத்தினாங்க.

சரி, இதையெல்லாம் சித்தப்பாகிட்ட போன்ல சொன்னா, அவர் ஒரே கேள்வியில என்னை உட்கார வச்சுட்டார்.

"யுன்னான்ல கையால அறுப்பாங்கடா. இங்க மெஷின் வந்து ஒரே வாரா வாரிட்டுப் போயிடும். ரெண்டு நெல்லும் கலந்து போச்சுன்னா எந்த வியாபாரி எடுப்பான்? நீ எடுத்துக்கிறியா?"

நியாயம்தான். மில்லுக்காரங்க கேக்கிறது சன்ன அரிசி, விலையும் அதுக்குத்தான். அவர் ஒரு ஆள் வேற ரகம் போட்டாலும் சுத்தியுள்ள அறுபது மாவும் பிபிடின்னா காத்துல வர்ற வித்துக்கு என்ன குறைச்சல்? அதனாலதான் விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லைன்னு பேசறவங்களைப் பார்த்தா எனக்குக் கடுப்பா வருது. மருந்து வாங்கறது தனி ஆள் வேலை. ரகத்தைப் பிரிச்சுப் போடறது ஊர் வேலை. ஒரே வயல்ல கலக்க முடியலைன்னா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு போடலாம், மெஷினுக்கும் பிரச்சினை இல்லை. ஆனா அதுக்கு நோய் தாங்கற ரெண்டு மூணு சன்ன ரகம் நாத்து விடறதுக்கு முன்னாடியே கையில கிடைக்கணும். அந்த நெல்லுக்கு வாங்க ஆளும் இருக்கணும். இந்த ரெண்டையும் செய்ய வேண்டியது அரசாங்கமும் வேளாண் துறையும். மானியத்துல மருந்து குடுத்துட்டு கையைத் தட்டிட்டுப் போறது இதுக்குப் பதில் ஆகாது.

சித்தப்பா அடுத்த சம்பாவுக்கு மூணு மாவுல மட்டும் வேற ரகம் போட்டுப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். மீதி ஆறு மாவும் பிபிடிதான். பக்கத்து வயல்காரர்கிட்டயும் பேசியிருக்கார். "முதல்ல நீங்க போட்டு வித்துக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்"னு சொல்லிட்டாராம்.