யார் சூட்டும் மாலை?

அமெரிக்காவிலே, நாற்பது வயதுக்குட்பட்ட சிறந்த சட்டப் பேராசிரியருக்கென ஒரு விருதுண்டு. 1989இல் போல் பேட்டர் நினைவாகத் தோன்றி, இன்று ஜோசப் ஸ்டோரி பெயரில் வழங்கப்படுகிறது. நல்லாசிரியரைப் பாராட்டுவதில் யாருக்கு ஆட்சேபம்? ஆனால் வழங்குவது பல்கலைக்கழகமன்று. 1982இல் மாணவர் மத்தியில் முளைத்த பழைமைவாத ஸ்தாபனமாகிய பெடரலிஸ்ட் சொசைட்டி. விதைப்பு விரிவுரை மண்டபத்தில், அறுவடை நீதிமன்றத்தில். 1973இல் அமெரிக்கப் பெண்கள் பெற்ற கருக்கலைப்புரிமையை 2022இல் பறித்த நீதிபதிகளிற் பலர் அப்பாசறையோடு உறவுடையோர்.

நம்மவரோ, சட்டம் முதலாளியின் கைவாள் என்று முழங்கிவிட்டு உறங்கப் போய்விடுகிறோம்! அவ்வாளின் கூர்மையை மாத்தளைத் தோட்டத்து லயங்கள் அறியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல்லே இல்லை. தந்தை இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது, அவ்வளவே. பதிவேதுமற்ற தொழிலாளி எங்கே போவான்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அச்சட்டம் செல்லுமென்றே 1953இல், கோடாக்கன்பிள்ளை வழக்கில், கோமறைக் கழகமும் தீர்த்தது. எஞ்சியோர்க்குப் பரிகாரச் சட்டம் வர 2003 ஆயிற்று.

இவ்வரலாற்றை வரிவரியாகப் பிரித்து, லயத்துப் பிள்ளைக்கும் விளங்கத் தமிழிலே கற்பிக்கும் இளம் சட்ட விரிவுரையாளருக்கு நம் சங்கங்கள் என்று மாலை சூட்டின? தலைவர்களின் பிறந்தநாள் மாலைகளுக்கு மட்டும் பணத்தட்டுப்பாடு வந்ததாகத் தெரியவில்லை.