வெள்ளைக்காரன் இரும்பும் எழுபது மில்லிமீட்டர் தோட்டாவும்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், குறிப்பாகத் தேவிபட்டினத்திற்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய திருப்பாலைக்குடி, உப்பூர் வட்டாரத்தில், உரிமத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தவறாமல் வந்துவிழும் வாக்கியம் ஒன்று உண்டு: "அது வெள்ளைக்காரன் இரும்பு, எந்தத் தோட்டாவைப் போட்டாலும் தாங்கும்." தேர்தலையொட்டிக் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் வாக்கு எண்ணிக்கைக்குப் பின் உரியவர்களிடம் திரும்பும் நாள்களில் இவ்வாக்கியம் புத்துயிர் பெறுகிறது, 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட பின்னரோ அதற்கு ஒரு சான்றும் சேர்ந்துகொண்டது. பழைய பாலம் நூறாண்டு கடலுக்கு நடுவே நின்றதே, அதே வெள்ளைக்காரன் செய்த குழல் ஒரு தோட்டாவுக்கா பிளந்துவிடும் என்று கேட்கிறார்கள். இவ்வாறு கேட்போர் துப்பாக்கியை அறியாதிருப்பது மன்னிக்கத்தக்கது. கண்முன் நிற்கும் பாலத்தையும் அறியாதிருப்பதுதான் வியப்புக்குரியது.

பாம்பன் பாலத்தின் வரலாறு இந்நம்பிக்கைக்குச் சான்றாவதற்குப் பதிலாக அதன்மீது எழுதப்பட்ட தீர்ப்பாகவே அமைந்துள்ளது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அப்பாலம் தன் இரும்பின் மகிமையால் மட்டும் நிற்கவில்லை. துருவைச் சுரண்டிச் சாயம் பூசிய தொழிலாளர்களின் கைகளாலும், அரித்த பாகங்களை அவ்வப்போது மாற்றிய பொறியாளர்களின் கவனத்தாலும் நின்றது. 1964 டிசம்பர் 22, 23 நாள்களில் தனுஷ்கோடியை அழித்த புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட தூலங்கள் கடலுக்குள் போயின, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் அது மீட்கப்பட்டது என்பதைப் பெருமையாகச் சொல்வோர், மீட்கப்பட வேண்டிய நிலைக்கு அது வந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். குறுகிய மீட்டர் பாதைக்காகக் கட்டப்பட்ட அப்பாலத்தில் அகலப்பாதை ரயிலை 2007இல் விட நேர்ந்தபோது, "வெள்ளைக்காரன் இரும்பு, தாங்கும்" என்று எந்த ரயில்வே அதிகாரியும் கையெழுத்திடவில்லை. வலுவூட்டினார்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள், அப்படியும் 2022 டிசம்பரில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். ஒரு பாலத்திற்கு இவ்வளவு யோசித்த நாட்டில், முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் வெடிக்கும் குழலுக்கு யோசனையே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

இத்துப்பாக்கிகளின் குழல் அளவைக் குறிக்கும் பன்னிரண்டு போர் என்ற சொல்லே பலருக்கு வெறும் மந்திரமாக இருப்பதால் அதை விளக்கிவிடுவது நல்லது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று சரியாக நுழையும் அளவுடைய குழல் பன்னிரண்டு போர் எனப்படும். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அரசுத் தாள்களில் டிபிபிஎல் எனக் குறிக்கப்படும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் இத்தகைய இரு குழல்கள் அருகருகே பற்றவைக்கப்பட்டிருக்கும். நடுவில் மடக்கி, பின்பக்கத்தில் தோட்டாவைச் செருகுவார்கள். தோட்டா உட்காரும் பின்பகுதிக்குத் தோட்டா அறை என்று பெயர். அறைக்கு முன்னால் குழல் ஒரு சாய்வாகக் குறுகும். இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் அச்சாய்வில்தான் நடக்கிறது.

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் அறை இரண்டரை அங்குலம், தோட்டா வழக்கில் 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகப் புழங்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். இந்தியாவில் இரண்டு நீளங்களுமே உண்டு: புனே அருகே 1869இல் நிறுவப்பட்ட கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 65இலும் தோட்டா செய்திருக்கிறது, 70இலும் செய்திருக்கிறது, 70க்குச் சக்திமான் எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெயரில் சக்தி இருப்பதாலேயே அதை விரும்பி வாங்குவோர் உண்டு. தோட்டாவின் நீளம் என்பது சுட்ட பின் வாய்மடிப்பு விரிந்த நிலையில் அளக்கப்படும் நீளம் என்பது அவர்களுக்குத் தெரியாது. சுடாத நிலையில் வாய் உள்நோக்கி மடிக்கப்பட்டிருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் தடையின்றி நுழையும், துப்பாக்கியும் ஓசையின்றி மூடிக்கொள்ளும். உடனே "பார்த்தீர்களா, பொருந்துகிறது" என்ற வெற்றி முழக்கம் எழும். விசையை இழுத்ததும் அம்மடிப்பு விரிந்து முன்னாலுள்ள சாய்வுக்குள் புகுந்து வழியை நெருக்க, பின்னாலிருந்து வரும் ஈய ரவையும் அடைப்பானும் அந்நெருக்கடியில் பிதுங்க, அழுத்தம் ஏறுகிறது. அதோடு 70 மில்லிமீட்டர் தோட்டாவில் பொதுவாகக் கூடுதல் ரவையும் கூடுதல் உதையும் இருக்கும். மீட்டர் பாதைப் பாலத்தில் அகலப்பாதை ரயிலை ஏற்றுவது என்பது இதுதான். பாம்பனில் அதற்கு முன் பாலத்தை வலுப்படுத்தினார்கள், இங்கோ "பொருந்துகிறது" என்ற ஒரு சொல் போதுமானதாகிவிடுகிறது.

ஒருமுறை சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த வாதம். குழல் ஒரே நாளில் பிளப்பதில்லை என்பது உண்மைதான். முதலில் குழலை மூடிப் பிடிக்கும் பூட்டு தளரும், பிறகு குழலுக்கும் பூட்டின் முகத்துக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விழும், பிடிக்கட்டையின் கழுத்தில் முடி போன்ற கீறல் ஓடும். ஒவ்வொன்றையும் "வயசாச்சுல்ல" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள், அதே வயதைத்தான் சற்றுமுன் வலிமைக்குச் சான்றாகக் காட்டினார்கள் என்பதை நினைவுகூர்வதில்லை.

வெள்ளைக்காரனை இவ்வளவு நம்புவோர் அவன் எழுதிவைத்ததையாவது படித்திருக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியும் எந்தத் தோட்டாவையும் தாங்கும் என்று அவன் நம்பியிருந்தால் சோதனைச் சாலைகளை நிறுவியிருக்க மாட்டான். இலண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 1637இல் சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. வழக்கமான தோட்டாவைவிடக் கடுமையான அழுத்தம் தரும் மருந்தைக் குழலில் வெடித்துப் பார்த்து, தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவது அவற்றின் வேலை. முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்துத் திருப்பினால், அறைக்கு அடியிலுள்ள தட்டைப் பரப்பில் அம்முத்திரைகளைக் காணலாம். கிரீடத்தின் கீழ் ஆங்கில என், பி எழுத்துகள் இருந்தால் அது புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. அம்முத்திரை 1904 முதல் வழக்கிற்கு வந்தது. அது இல்லாத குழல் கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதாக இருக்கக்கூடும், அதில் இன்றைய கடைத் தோட்டா எதையும் இடலாகாது. 1954ஆம் ஆண்டுச் சோதனை விதிகளுக்குப் பின் வந்தவற்றில் சதுர அங்குலத்துக்கு 3 டன் என்றோ 3¼ டன் என்றோ பொறித்திருப்பார்கள். முன்னது இரண்டரை அங்குல அறைக்கும் பின்னது இரண்டே முக்கால் அங்குல அறைக்கும் உரிய வழக்கமான அளவு. (செப்பு உருளையை நசுக்கி அளந்த அந்த டன் கணக்கையும், இன்று மின்கருவி கொண்டு அளக்கும் அழுத்தக் கணக்கையும் நேராக ஒப்பிட முடியாது, ஒப்பிட்டுக் குழம்புவோர் தனி இனம்.) ஆக, வெள்ளைக்காரன் தன் இரும்பின் எல்லையை இரும்பிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் படிக்காமல் அவனைப் புகழ்வது, கடவுச் சீட்டைத் திறந்து பாராமல் அதன் அட்டையை முத்தமிடுவதற்கு ஒப்பாகும்.

அம்முத்திரையும் குத்திய நாளுக்கு மட்டுமே சான்று என்பது திருப்பாலைக்குடிக்குச் சிறப்பாகப் பொருந்தும். பாக் விரிகுடாவின் உப்புக்காற்று சைக்கிள் கம்பியையும் சன்னல் கொக்கியையும் என்ன செய்கிறது என்பதை அவ்வூரில் ஒரு மழைக்காலம் இருந்தவர்கூட அறிவார். எண்ணெய்த் துணி காணாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்த குழலின் உட்புறத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் விழுகின்றன. அவற்றைத் தேய்த்து மெருகேற்றினால் குழல் கண்ணாடி போல் மின்னும், சுவரோ மெலிந்துவிடும். விற்பவர் மினுக்கத்தைக் காட்டுவார், வாங்குபவரும் அதையே பார்ப்பார். குழல் சுவரின் தடிமனை அளக்கும் கருவி துப்பாக்கிப் பட்டறைகளில் உண்டு. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், பாதுகாப்பான கீழ் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இரு குழல்களையும் இணைக்கும் பட்டைகளுக்கு அடியில் ஈரம் புகுந்திருப்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. ஆனால் பிரித்த குழல்களை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால், பற்று நன்றாக இருந்தால் மணி போல் ஒலிக்கும், விட்டிருந்தால் ஓட்டைப் பானை போல் ஒலிக்கும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கும் கை, பல மடங்கு விலையுள்ள துப்பாக்கியை வாங்கும்போது மடியிலேயே கிடப்பதற்குக் காரணம் பக்தி என்றல்லாமல் வேறென்ன சொல்வது?

இப்பக்தியின் உச்சம் டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகு நாடாக்களை முறுக்கி ஒரு தண்டின்மேல் சுற்றி அடித்துப் பற்றவைத்த அக்குழலின் மேற்பரப்பில் பாம்புத்தோல் போன்ற வரிகள் ஓடும். தென்னிந்தியாவிலிருந்து உருக்கு சென்று டமாஸ்கஸ் வாளாயிற்று என்ற வரலாற்றை எங்கோ கேட்டுவைத்தவர்கள், இக்குழலும் தமிழன் உருக்கே என்று நெஞ்சு நிமிர்த்துகிறார்கள். மூசையில் உருக்கிய எஃகு வேறு, நாடா முறுக்கிய குழல் வேறு. பெயர் ஒன்று என்பதைத் தவிர உறவில்லை. பற்றவைத்த தையல்கள் நிறைந்த அக்குழல்களில் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் கடற்கரையில் நூறாண்டு கிடந்த ஒன்றைத் தேர்ந்த கம்மியர் அளந்து சொல்லாமல் நம்புவதற்கு வரியழகு ஒரு காரணமாகாது.

விலையைப் பற்றிய மயக்கமும் இதன் பங்காளிதான். 1980களின் நடுப்பகுதியிலிருந்து துப்பாக்கிகளின் வணிக இறக்குமதி நின்றுவிட்டதால், பிறந்த நாட்டில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பர்மிங்ஹாம் துப்பாக்கி இங்கே குலதெய்வத்தின் மதிப்பைப் பெற்றிருக்கிறது. பக்கத் தகடுகளில் செதுக்கிய காடையும் கவுதாரியும் விலையை ஏற்றுகின்றன, குழலின் வலிமையை அல்ல. ஆன்சன், டீலி இருவரும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் 1875இல் காப்புரிமை பெற்ற பெட்டிப்பூட்டு அமைப்பு, பாகங்கள் குறைவாகவும் உறுதியாகவும் இருப்பதால் குறைந்த பணத்தில் வாங்குவோர்க்கு ஏற்றது. சித்திர வேலை இல்லாத வெப்லி அண்ட் ஸ்காட் பெட்டிப்பூட்டுத் துப்பாக்கி, 70 மில்லிமீட்டர் அறையும் அதற்குரிய முத்திரையும் கொண்டதாகக் கிடைத்தால், அலங்காரத் துப்பாக்கி பத்தைவிட மேலானது. இந்தியாவில் செய்த, பார்வைக்கு முரடான, அறை நீளம் தெளிவாகப் பொறித்த துப்பாக்கியும் அவ்வாறே. ஆனால் சீமை என்ற முன்னொட்டு இல்லாத பொருளை இம்மாவட்டம் மதிப்பதில்லை. சீமையெண்ணெய், சீமையோடு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் கண்மாய்களை என்ன செய்தது என்பதைக் கண்ட பிறகும் அச்சொல்லின் மீதான மோகம் தணியவில்லை.

அச்சீமைக்கருவேல் புதர்களில் பெருகிய காட்டுப்பன்றிகள்தான் துப்பாக்கி வேண்டும் என்பதற்கு உழவர்கள் சொல்லும் காரணம். காரணம் உண்மையானது, ஆனால் பயனற்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமக்காரர் தம் விருப்பப்படி பன்றியைச் சுட முடியாது. காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் முன்வந்தபோதும் அப்பொறுப்பு வனத்துறையிடமே தரப்பட்டது. பயிரை இழந்தவர் கையைப் பிசைந்து நிற்க, எவனோ ஒருவன் பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் வெடியில் மாட்டின் வாய் சிதறுகிறது. இந்தக் கேட்டைப் பேச வேண்டிய கூட்டங்கள், தாத்தாவின் துப்பாக்கி எந்தத் தோட்டாவைத் தாங்கும் என்ற ஆராய்ச்சியில் பொழுதைக் கழிக்கின்றன.

தோட்டா அறையைக் கடைசல் பட்டறையில் ஐந்து மில்லிமீட்டர் நீட்டிவிட்டால் தீர்ந்தது என்போர் கடைசியாக வருகிறார்கள். உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கு மாறானவை என்பது ஒருபுறம் இருக்க, நீட்டும்போது குறைவது மிகுந்த அழுத்தம் விழும் இடத்தின் சுவர் என்பதும், நீட்டிய பின் பழைய முத்திரைக்குப் பொருளில்லை என்பதும் அவர்களுக்கு உறைப்பதில்லை. படகு எஞ்சினின் பழைய தண்டை மாற்றாமல் கடலுக்குப் போகச் சம்மதிக்காத ஊரில் இப்படியொரு யோசனை எடுபடுவதுதான் விந்தை.

ஆகவே பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்குமுன் குழல்களைக் கழற்றித் திருப்பி அடிப்பரப்பிலுள்ள எண்ணைப் படியுங்கள். 65 என்றோ இரண்டரை அங்குலம் என்றோ இருந்தால், கம்மியர் அளந்து தடையில்லை என்று சொன்ன பிறகு 65 மில்லிமீட்டர் தோட்டாவை மட்டும் கேட்டு வாங்குங்கள். எண்ணும் முத்திரையும் அழிந்திருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். அப்போது விற்பவர் பாம்பன் பாலத்தைக் காட்டினால், அதன்மேல் கடைசி ரயில் ஓடியது 2022 டிசம்பரில் என்று சொல்லுங்கள்.