உவர்நீரும் ஊருக்கு உதவும்

எங்கள் தெருக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும்; பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிநீருக்கு அம்மா குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறார். காலடியில் நீர் இருந்தும் இந்நிலை ஏன்?

தோழியரே! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உவர் நிலத்தடி நீரில் அதைவிட மிகக் குறைவு. எனவே அதைச் சவ்வு வழியே செலுத்தி நன்னீராக்க மின்சாரமும் குறைவாகவே செலவாகும். அமெரிக்காவில் எல் பாசோ நகரம் 2007இல் திறந்த ஆலை நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி லிட்டர் தரும் ஆற்றலுடன் அமைந்தது. மிஞ்சும் உப்புக் கழிவை அங்கே ஆழ்நிலத்தில் செலுத்துகின்றனர்.

அக்கழிவை நாம் ஏரியில் விட்டால் வயல் பாழாகும். கடலோரத்தில் அளவின்றி இறைத்தாலோ கடல்நீர் உட்புகும். மீஞ்சூர் அதற்குச் சான்று.

ஆகவே ஆலை வேண்டும். அதற்குமுன் கழிவுக்கு வழி வேண்டும். அம்மாவின் குடம் நிறைவதற்காக வேறொருவர் வயல் உவராகலாகாது.

— பத்தாம் வகுப்பு மாணவி